கைப்பிடி 19 கிலோ: கோவையில் ஒரு தசைவலுப் பிரிவைப் பற்றி

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தந்தையை, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்தும் உணவு மற்றும் தசைவலுப் புறநோயாளிப் பிரிவுக்கு ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை ஐந்து முறை அழைத்துச் சென்றோம். பல்லடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் போய்வர அரைநாள் பிடித்தது. முதல் வருகைக்கு 600 ரூபாயும் அடுத்தடுத்த வருகைகளுக்கு 300 ரூபாயும் வாங்கினார்கள். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், போகலாம். ஆனால் நாங்கள் போனதைவிட மூன்று மாதம் முன்னதாகவே போக வேண்டும் என்பதுதான். அது ஏன் என்பதைச் சொல்ல, அந்தப் பிரிவில் முதல் நாள் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் தந்தைக்கு வயது 67. நாற்பது ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். முப்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். ஜனவரியில் நோய் மூன்றாம் நிலையில் இருப்பது தெரியவந்தது. வேறொரு மருத்துவமனையில் வாரம் ஒரு கீமோவும் முப்பது அமர்வுகள் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஜனவரியில் 68 கிலோ இருந்தவர் ஏப்ரலில் 61 கிலோவுக்கு வந்துவிட்டார். அந்த மருத்துவமனையின் கோப்பில் ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் செவிலியர் எடையைக் குறித்திருந்தார்: 68, 66, 63, 61. நான்கு தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்த்தவர் அங்கே யாருமில்லை. பார்த்திருக்க வேண்டிய நானும் பார்க்கவில்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டபோது, "கீமோன்னா எளைக்கத்தாங்க செய்யும்" என்று பதில் வந்தது. "வயசாச்சு, எளைப்பு வரத்தா செய்யும், உடு அம்மிணி" என்று அப்பாவும் அதையே சொன்னார். எங்களுக்குத் தெரிந்த ஒரு செவிலியர் சொல்லித்தான் இந்தப் பிரிவு இருப்பதே தெரியவந்தது.

முதல் நாள் எடை பார்த்து முடித்ததும், துப்பாக்கியின் பிடியைப் போன்ற ஒரு கருவியை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இயன்றமட்டும் இறுக்க வேண்டும். "பீமு தூக்குன கைங்க இது" என்று சிரித்துக்கொண்டே அப்பா வாங்கினார். பாவு சுற்றிய பீமைத் தறியில் ஏற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இருவரில் ஒருவராக அவர் எத்தனையோ ஆண்டுகள் இருந்திருக்கிறார். மூன்று முறை இறுக்கினார். திரையில் அதிகபட்சமாக வந்தது 19 கிலோ. ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் கைப்பிடி வலு குறைவு என்று ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வரையறுத்திருக்கிறது. பெண்களுக்கு அந்த எல்லை 18 கிலோ. அப்பா எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழுது அதில்தான் என்பதுபோல.

அடுத்தது நாற்காலிச் சோதனை. "ஐயா, கையி ரண்டையும் நெஞ்சுமேல கட்டிக்கோங். சேரப் புடிக்காம அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காரோணுங்" என்றார் இயன்முறை மருத்துவர். 12 நொடிக்குள் முடிப்பது இயல்பு. அப்பாவுக்கு 19 நொடி ஆனது. நான்காம் முறை எழும்போது கை தானாக அவிழ்ந்து நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. கெண்டைக்காலின் சுற்றளவு 31.5 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 34க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தைப் பார்த்தால் அப்பா இன்னும் இயல்பான வரம்புக்குள்தான் இருந்தார் என்பதையும் இயன்முறை மருத்துவரே கணக்கிட்டுக் காட்டினார். எடைக் கருவியையும் அந்த விகிதத்தையும் மட்டும் நம்பியிருந்தால் இதில் எதுவும் வெளியே வந்திருக்காது.

இந்தப் பிரிவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு முதன்மையான காரணம், அளந்து முடித்தவுடன் உணவுப் பட்டியலை நீட்டாமல், தசை ஏன் கரைந்தது என்று முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டதுதான். நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் தசை இழப்பு மற்ற பல புற்றுநோய்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் ஒவ்வொருவரிடமும் அதற்கான காரணங்கள் வேறுவேறு கலவையில் இருக்கின்றன என்பதால், எது எவ்வளவு என்று பிரித்தறியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் பாதிக் கிணறு தாண்டியதாகவே இருக்கும் என்பது அவர்களின் நிலைப்பாடு. அப்பாவிடம் அவர்கள் பிரித்தெடுத்தவற்றை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

மாற்ற முடியாதவற்றை வேகமாகத் தாண்டிச் சென்றார்கள். வயது ஒன்று, நடுவயதைத் தாண்டியபின் தசை யாருக்கும் மெல்லக் குறைந்துகொண்டுதான் வரும். ஆண் என்பது இன்னொன்று. இந்த நோயில் தசை இழப்பு ஆண்களிடம் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. நோய் முற்றிய நிலை மூன்றாவது. இவற்றில் நாம் செய்வதற்கு எதுவுமில்லை. ஆனால் இவை மூன்றும் சேர்ந்திருப்பவரை முதல் நாளிலிருந்தே கண்காணித்திருக்க வேண்டும் என்று மட்டும் உணவியலாளர் கோப்பில் எழுதினார்.

நான்காவதாக அவர்கள் சொன்னது எனக்குப் புதிது. பீடியும் பஞ்சுத்தூசியும் சேர்ந்து அப்பாவின் மூச்சுக்குழாய்களை நோய் வருவதற்கு முன்பே சுருக்கியிருந்தன. நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் தனியாகவே தசையைக் கரைக்கக்கூடியது. மூச்சு வாங்குவதால் ஆள் நடப்பதைக் குறைப்பார். நடப்பது குறைந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்த கால் சிறிது தூரம் நடந்தாலே களைத்துப்போவதால் மூச்சு இன்னும் வாங்கும். புற்றுநோய் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அப்பா மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டு, மேலே காயும் துணியை எடுத்துவரச் சொல்லி எங்களை அனுப்பத் தொடங்கியிருந்தார் என்பது அந்த அறையில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. தறிக்கூடங்களிலும் நூற்பாலைகளிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் நிறைந்த நம் பகுதியில், இந்த ஒரு கேள்வியைக் கேட்காத மருத்துவமனை எதையோ விட்டுவிடுகிறது என்றுதான் சொல்வேன்.

ஐந்தாவது, புற்றுநோயே மூட்டும் அழற்சி. கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பும் சேர்ந்து இன்டர்லூகின் 6 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அவை தசைப் புரதம் உடைவதை முடுக்கிவிட்டுப் பசியையும் மந்தமாக்குகின்றன. ஜிடிஎஃப் 15 என்ற இன்னொரு புரதம் மூளைத்தண்டில் செயல்பட்டுச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வரச் செய்கிறது. அப்பாவின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 46 என்று உயர்ந்தும், அல்புமின் என்ற புரதம் 3.1 என்று குறைந்தும் இருந்தன. அல்புமின் குறைந்ததைப் பார்த்துச் சாப்பாடு போதவில்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது, அழற்சி இருந்தாலும் அது இறங்கும் என்று விளக்கினார்கள். "அவரு திங்காம இல்லீங்க, தின்னாலும் ஒட்டறதில்ல" என்று என் அம்மா மூன்று மாதமாகச் சொல்லிவந்ததற்கு, மருத்துவ மொழியில் ஒரு விளக்கம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதைப் புற்றுநோய் மெலிவு என்று வகைப்படுத்த வேண்டும் என 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் ஒத்த கருத்துக்கு வந்திருக்கிறார்கள். உணவால் மட்டும் அதை முழுவதும் மீட்க முடியாது என்பதும் அந்த வரையறையிலேயே இருக்கிறது. அப்பா மூன்று மாதத்திலேயே 10 விழுக்காட்டை இழந்திருந்தார். பழையபடி 68 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. இறங்குவதை நிறுத்துவதும் கால்வலுவை மீட்பதுமே இலக்கு என்றார்கள். இந்த நேர்மைக்காகவே 600 ரூபாய் தகும்.

ஆறாவது காரணம், சிகிச்சையின் வழியாக எங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்தது. வாராந்திரக் கீமோவுக்கு முன் ஒவ்வாமை வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டார்கள். அந்த மருந்து தொடர்ந்தால் தசையைத் தேய்க்கும், சர்க்கரையையும் ஏற்றும். ஏற்கெனவே சர்க்கரை நோயாளியான அப்பாவுக்கு ஒருநாள் 310 காட்டியதும் நாங்கள் மிரண்டுபோய், சோற்றைப் பாதியாகக் குறைத்து, பாலை நிறுத்தி, இரவுக்கு இரண்டு இட்லியோடு விட்டுவிட்டோம். சர்க்கரை இறங்கியது, அதனுடன் அப்பாவும் இறங்கினார். சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டிச் சரிசெய்திருக்க வேண்டியதை, சாப்பாட்டைக் குறைத்துச் சரிசெய்த கைங்கரியம் எங்களுடையது. இதற்கு மேல் உறவுக்காரர்களின் பத்தியம் வேறு: முட்டை சூடு, கறி கூடாது, பால் கட்டியை வளர்க்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது "நல்லா ரெஸ்ட் எடுங்" என்பது. கட்டிலில் படுத்த படுக்கையாக இருப்பது வயதானவர்களின் கால் தசையை ஒன்றிரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும் அளவு கரைத்துவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

ஏழாவது, கதிர்வீச்சு. மூன்றாம் வாரத்திலிருந்து உணவுக்குழாய் புண்ணாகி, எச்சில் விழுங்குவதுகூட வலித்தது. கோப்பில் 66 என்பது 63 ஆனது அந்த வாரங்களில்தான். அப்போதே கூழும் பால்கஞ்சியுமாக மாற்றி, சாப்பிடுவதற்கு முன் வலி மருந்து கொடுத்திருந்தால் அந்த மூன்று கிலோவில் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று உணவியலாளர் சொன்னார். மூன்று மாதம் முன்னதாகப் போங்கள் என்று நான் தொடக்கத்தில் எழுதியதற்குக் காரணம் இந்த ஒரு வாக்கியம்.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். தசையின் அளவைத் தெரிந்துகொள்ள எங்களைப் புதிதாக எந்த ஸ்கேனும் எடுக்கச் சொல்லவில்லை. நோயைக் கண்டறிய ஜனவரியில் எடுத்த பெட் சிடி குறுந்தகட்டையே கணினியில் போட்டு, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் ஒரு வெட்டுப்படத்தை நிறுத்தி, தசையை ஒரு நிறத்திலும் கொழுப்பை இன்னொரு நிறத்திலும் காட்டினார்கள். ஏப்ரலில் எடுத்த ஸ்கேனின் அதே மட்டத்தை அருகில் வைத்தபோது, முதுகுத்தண்டின் இருபுறமும் இருந்த தசை சப்பிப்போயிருந்ததை அளவுகோல் இல்லாமலே பார்க்க முடிந்தது. முதல் படம் மூன்று மாதமாக எங்கள் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது.

காத்திருப்புக் கூடத்தில் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி. 86 கிலோ எடை, முன்னே தள்ளிய வயிறு. "எங்கைய்யனுக்கு எதுக்குங்க இதெல்லாம், ஆளப் பாத்தாலே தெரியலீங்களா" என்று அவருடைய மகன் சலித்துக்கொண்டார். அவருடைய கைப்பிடி 21 கிலோதான் வந்தது. கொழுப்பின் அடியில் தசை மெலிந்திருப்பது வெளியில் தெரியாது என்பதால் இத்தகையவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும்போது, தசை குறைந்த உடம்பு அதே அளவைத் தாங்க முடியாமல் பக்கவிளைவுகளால் கூடுதலாக அவதிப்பட வாய்ப்பிருக்கிறது என்று மருத்துவர் அவர்களிடம் விளக்கியது எங்கள் காதிலும் விழுந்தது. மகன் அதன்பின் எதுவும் பேசவில்லை.

இனிக் குறைகள். முதல் நாள் கையில் திணித்த அச்சிட்ட உணவுத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஓட்ஸ், பிராக்கோலி, சால்மன் மீன் என்று போட்டிருந்த அதை வைத்துக்கொண்டு பல்லடம் சந்தையில் என் அம்மா என்ன வாங்குவார்? நான் இதைச் சொன்னபோது உணவியலாளர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் தம் கையாலேயே எழுதிக்கொடுத்தார். அப்பா மூன்று நாள் சாப்பிட்டதைக் கேட்டுக் கணக்குப் போட்டதில் ஒருநாளைக்கு 35 கிராம் புரதம்தான் தேறியது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்ற கணக்கில் அவருக்கு வேண்டியது 73க்கும் 92க்கும் இடையில். அதை எட்ட அவர் எழுதியது எங்கள் அடுப்பங்கரையில் இருப்பவற்றையே: அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பை இரட்டிப்பாக்குவது, மதியம் கொள்ளோ பச்சைப்பயறோ கடைந்தது ஒரு கிண்ணம், காலையில் இரண்டு நாமக்கல் முட்டை, இரவில் சந்தகையோடு தேங்காய்ப்பாலுக்குப் பதில் கெட்டிப்பருப்பு, மாலையில் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக வேகவைத்த கடலைக்காயும் ஒரு தம்ளர் பாலும், வாரத்தில் மூன்று நாள் நாட்டுக்கோழி. சர்க்கரைக்கு மாத்திரையின் அளவை மாற்றச் சொல்லி மருத்துவருக்குத் தனியாகக் கடிதமும் கொடுத்தார். இந்தப் பின்பக்கத்தை ஏன் அச்சடிக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது குறை, வெளியேறும் வழியில் இருக்கும் விற்பனை மேசை. புரதப்பொடி டப்பாக்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவர் எழுதாவிட்டாலும் மேசையில் இருப்பவர் எடுத்து நீட்டுகிறார். ஒன்றை வாங்கி வந்து வீட்டில் பின்பக்கச் சீட்டைப் படித்துப் பார்த்தேன். ஒரு கரண்டியில் இருந்த புரதம் ஒரு முட்டையில் இருப்பதை விட அதிகமில்லை; மீதி பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். விழுங்க முடியாத நாள்களில் இத்தகைய பொடியைப் பாலில் கரைத்துக் குடிப்பது உதவும் என்பதை மறுக்கவில்லை. அந்த நாள்களை அப்பா தாண்டிவிட்டார் என்பதைக் கேட்காமலே விற்றதுதான் பிழை.

மூன்றாவது, நேரம். செவ்வாயும் வெள்ளியும் காலை 10 முதல் 1 வரை மட்டுமே இயங்குகிறது. முன்பதிவு இருந்தும் இரண்டு முறை இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். ஒருமுறை மின்தூக்கி பழுதாகி, மூச்சு வாங்குபவர்களை முதல் மாடிக்கு ஏறவைத்தார்கள். படியேறுவதும் ஒரு சோதனைதான் என்று ஊழியர் ஒருவர் சொன்ன நகைச்சுவையை யாரும் ரசிக்கவில்லை.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை சொல்லிக்கொடுத்த விதம் சிறப்பானது. தொடங்கும் முன் எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தார்கள். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ஹீமோகுளோபினையும் பார்த்தார்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் செய்யக் கூடாது என்றார்கள். நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்குவது, ஈரத்துண்டை முறுக்கிப் பிழிவது என எல்லாமே திண்ணையில் செய்யக்கூடியவை. வாரத்தில் மூன்று நாள் இவை. மற்ற நாள்களில் மூச்சுக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்தி நடை. அப்பா முதல் வாரம் அலுத்துக்கொண்டார். இரண்டாம் வாரத்திலிருந்து, தறிக்கூடத்தில் எண்ணுவதைப்போல உரக்க எண்ணிக்கொண்டே செய்யத் தொடங்கினார்.

எட்டு வாரம் கழித்து எடை 62.5, கைப்பிடி 22.5, நாற்காலிச் சோதனை 14 நொடி. 28 கிலோ என்ற எல்லையை அவர் இன்னும் தொடவில்லை, ஒருவேளை தொடாமலும் போகலாம். ஆனால் கழிப்பறையிலிருந்து எழுந்துவர இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. மருந்துகள் எதுவும் இல்லையா என்று கேட்டேன். பசியைத் தூண்டும் அனமோரெலின் என்ற மருந்துக்கு ஜப்பானில் 2021இல் ஒப்புதல் கிடைத்திருப்பதையும், ஜிடிஎஃப் 15ஐத் தடுக்கும் மருந்தை வைத்து ஆய்வுகள் நடப்பதையும் மருத்துவர் சொல்லிவிட்டு, இப்போதைக்குக் கடைந்த கொள்ளையும் நாற்காலியையும் விடாதீர்கள் என்றார்.

போகப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நோய் கண்டறிந்தபோது எடுத்த ஸ்கேனின் குறுந்தகட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மூன்று நாள் சாப்பிட்டதை, மீதி வைத்ததையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் அரைமணி நேரம் மிச்சமாகும். போகும் முன்பே வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம்: நோயாளி உட்கார்ந்தபடி, தம் இரு கைகளின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், விரல்கள் எட்டாமல் நின்றால் கவலை குறைவு, வளையத்துக்குள் கால் தளர்வாக இருந்து இடைவெளி தெரிந்தால் முன்பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் மாடி என்பதால் மின்தூக்கி ஓடுகிறதா என்று கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஆண்கள் வேட்டி கட்டிப் போவது நல்லது; இறுக்கமான பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டமுடியாமல் நாங்கள் முதல் நாள் பத்து நிமிடம் தடுமாறினோம்.